புது ஜிக்ஸா: வாங்குவதும் கைக்குப் பழக்குவதும்

ஜிக்ஸா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் கை மெஷின். அதை வாங்கிய அன்று பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஒரே பிளேடை மாட்டி, வைத்திருந்த நல்ல பலகையில் நேர்கோடு அறுக்கப் பார்ப்பார்கள். பென்சில் கோடு ஒரு வழியில் போகும், அறுப்பு வேறு வழியில் போகும். மேல்பக்கம் பிய்ந்து சிராய் சிராயாக நிற்கும். அப்புறம் மெஷின் மட்டம் என்று முடிவு கட்டி, அதை அலமாரியில் ஏற்றிவிடுவார்கள்.

மெஷின் மேல் தவறு இருப்பது அபூர்வம். தவறு பெரும்பாலும் பிளேடில் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் தள்ளுகிற கையில். அதனால்தான் இங்கே மெஷினைவிடப் பிளேடுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. எதை அறுக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

அடுத்த ஆறு மாதத்தில் செய்ய நினைக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஜிக்ஸா வாங்கலாமா வேண்டாமா என்பதையே அந்தத் தாள் சொல்லிவிடும்.

வளைவுகள், பலகைக்கு நடுவே ஓட்டை வெட்டுவது, சுவரின் கோணலுக்கு ஏற்றபடி விளிம்பைச் செதுக்குவது, சிறு துண்டுகளைக் குறுக்கே அறுப்பது, இவையெல்லாம் ஜிக்ஸாவின் வேலைகள். எட்டடிப் பிளைவுட்டை நீளவாக்கில் நேராகப் பிளப்பது அதன் வேலை அல்ல. செய்ய முடியாது என்றில்லை, ஆனால் வட்ட ரம்பம் இரண்டு நிமிடத்தில் முடிப்பதை இது இருபது நிமிடம் இழுக்கும், விளிம்பும் அத்தனை நேராக வராது. உங்கள் பட்டியல் முழுக்க நீளமான நேர் அறுப்பாக இருந்தால் வட்ட ரம்பத்தை முதலில் வாங்குங்கள்.

தடிமனையும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ‘மரத்தில் 80 மி.மீ.’ என்று அச்சிட்டிருப்பார்கள். பிளேடு அந்த ஆழம் வரை எட்டும், அவ்வளவுதான். ஒரே முனையில் பிடிபட்டு மறுமுனை அந்தரத்தில் ஆடும் தகடு அது. தடிமன் கூடக் கூட அடிப்பக்கம் விலகிப்போகும். விளிம்பு செங்குத்தாக வேண்டுமென்றால், புதியவர் 25 மி.மீ. தடிமனுக்குள் நிற்பது நல்லது.

2. கடையில் மெஷினைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வாட் கணக்கில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். வீட்டு வேலைக்கு 500 வாட்டுக்கு மேல் எதுவும் போதும். வேறு சில விஷயங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் பிளேடு பிடிக்கும் இடம். பிளேடில் மெஷினுக்குள் செருகும் முனையைக் கொண்டை என்பார்கள். இன்று பரவலாகக் கிடைப்பவை ‘டி’ (T) வடிவக் கொண்டை உள்ள பிளேடுகள். அவற்றை ஸ்குரூ டிரைவர் இல்லாமல் மாட்டிக் கழற்றலாம். பழைய ‘யு’ வடிவக் கொண்டைக்கு மட்டுமே இடமுள்ள மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிளேடு மாற்றுவது தொல்லையாக இருந்தால் மாற்றவே மாட்டீர்கள், தவறான பிளேடோடு காலம் ஓடும்.

அடுத்து அடித்தட்டு. மெஷினைக் கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் தட்டு கோணல். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த அடித்தட்டு ஒருமுறை கீழே விழுந்தாலே வளையக்கூடும். வார்ப்பு அலுமினியத் தட்டு உறுதியாக இருக்கும்.

பிளேடின் முதுகுக்குப் பின்னால் நடுவே பள்ளம் விழுந்த சின்ன உருளை ஒன்று இருக்கும். அதை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தடதடவென்று ஆடுகிற உருளை பிளேடைத் தாங்காது.

வேகத்தைத் தனித் திருகில் அமைக்கும் வசதி இருக்கட்டும். விசையை அழுத்தும் அளவை வைத்து மட்டும் வேகம் மாறும் மெஷினில், கோட்டைப் பார்ப்பதா விரலைப் பார்ப்பதா என்ற குழப்பம் வரும். பென்டுலம் திருகில் 0 முதல் 3 வரை நான்கு நிலைகள் வேண்டும். அது என்ன செய்கிறது என்பது நான்காம் பகுதியில் வருகிறது.

பிளேடு ஒருமுறை ஏறி இறங்கும் உயரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். 18 மி.மீ. முதல் 26 மி.மீ. வரை பார்க்கலாம். 20 மி.மீ.க்கு மேல் இருப்பது நல்லது. அதிகப் பற்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் பிளேடு குறைவாகச் சூடாகும், தூளும் நன்றாக வெளியேறும்.

கைப்பிடி இரண்டு விதம். மேலே வளைந்த பிடி உள்ளது பழகச் சுலபம், விசையும் விரலுக்கு எட்டும். உடலையே கையால் சுற்றிப் பிடிக்கும் உருளை வகையில் கை தாழ்ந்து இருப்பதால் மெஷின் கவிழப் பார்க்காது, வளைவுகளில் கட்டுப்பாடு கூடும். நான் இரண்டாவது கட்சி. ஆனால் உள்ளங்கை சிறியவர்கள் பிடித்துப் பார்க்காமல் அதை வாங்கக் கூடாது.

வயரா பேட்டரியா என்றால், அதே பேட்டரி பொருந்தும் டிரில் ஏற்கெனவே இருந்தால் பேட்டரி, இல்லாவிட்டால் வயர். வேறு யோசனை தேவையில்லை.

3. அதே நாளில் வாங்க வேண்டியவை

பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் குறைந்தது இரண்டு. ஒரு கையால் பலகையைப் பிடித்து மறு கையால் அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. பிடித்திருக்கும் கையின் விரல்கள் பலகைக்கு அடியில்தான் இருக்கும். பிளேடு வெளியே வருவதும் அங்கேதான்.

ஒரு சிறிய மூலைமட்டம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, காதடைப்பான், தூசி முகமூடி. பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் மிக நுண்ணிய தூளைக் கிளப்பும், கைக்குட்டை கட்டினால் போதாது. தளர்வான கையுறை மட்டும் வேண்டாம்.

பிளேடுக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கையில் இருப்பது மெஷின் வாங்கவே சரியாகப் போகிறது என்றால், ஒரு படி குறைந்த மெஷினை எடுத்து மிச்சத்தில் பிளேடு வாங்குங்கள். நல்ல பிளேடு மாட்டிய சாதாரண மெஷின், மட்டமான பிளேடு மாட்டிய உயர்ந்த மெஷினைவிடச் சுத்தமாக அறுக்கும்.

4. பிளேடைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் பிறகு மெஷினைத் திட்டுகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

பிளேடின் கொண்டையில் டி101பி (T101B), டி144டி (T144D) என்று ஒரு குறியீடு இருக்கும். போஷ் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது, வேறு பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து பல்லின் அளவைச் சொல்கிறது: ஏ (A) என்றால் நுண்பல், பி (B) நடுத்தரம், சி (C) பெரியது, டி (D) மிகப் பெரியது. அதையடுத்து ஓ இருந்தால் வளைவுக்கான ஒடுக்கமான பிளேடு. ஆர் இருந்தால் பல் தலைகீழ். எஃப் இருந்தால் இரு உலோகம் சேர்த்த பைமெட்டல், எளிதில் உடையாது, நாளும் கூடுதலாக வரும்.

பல் பெரிதானால் ஒவ்வொரு பல்லும் அதிக மரத்தைக் கிள்ளி எடுக்கும். வேகம் கிடைக்கும், விளிம்பு பிய்யும். பல் சிறிதானால் விளிம்பு சுத்தம், ஆனால் வேகம் குறையும். தடித்த மரத்தில் நுண்பல் பிளேடைப் போட்டால் பல் இடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு மரம் கருகும்.

தொடக்கத்துக்கு மூன்று வகை போதும். டி101பி பல்லுக்குப் பல் 2.5 மி.மீ. இடைவெளி உள்ளது, பிளைவுட்டிலும் மெல்லிய பலகையிலும் சுத்தமான அறுப்புக்கு. டி144டி 4 மி.மீ. இடைவெளி, தடித்த மரத்தை விரைவாக அறுக்க. வளைவுக்கு டி119பிஓ அல்லது டி101ஏஓ. முதல் வகையில் ஐந்து, மற்றவற்றில் இரண்டிரண்டு வாங்கினால் சில மாதம் ஓடும். ஐம்பது பிளேடுகள் அடங்கிய கலவைப் பெட்டியில் பாதி உலோகத்துக்கானவை, அவற்றை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். பிளேடு உச்சிக்கு ஏறிய நிலையிலும் அதன் நுனி பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நுனி பலகைக்குள் ஏறிவிட்டு, இறங்கும்போது மரத்தைக் குத்தும். மெஷின் துள்ளும், பிளேடு வளையும்.

இனி பென்டுலம். 0 நிலையில் பிளேடு நேர் மேலும் கீழும் மட்டும் போகும். 1, 2, 3 என்று கூட்டினால், ஏறும்போது முன்பக்கம் சாய்ந்து மரத்தைக் கடிக்கும், இறங்கும்போது பின்வாங்கும். 3 மென்மரத்தை விரைவாக அறுக்க நல்லது, ஆனால் விளிம்பு முரடாகும். பிளைவுட்டுக்கு 0 அல்லது 1. நெருக்கமான வளைவுக்கு 0. உலோகத்துக்கு எப்போதும் 0. புதிதாகப் பழகுபவர் முதல் வாரம் முழுக்க 0-வில் வைத்துப் பழகினால், கையால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பது பிடிபடும்.

5. பிளக்கைச் செருகாமல் அரை மணி நேரம்

மெஷினைக் கையில் எடுத்து ஒவ்வொரு திருகையும் விசையையும் அசைத்துப் பாருங்கள். விசையை அழுத்திய நிலையில் பூட்டும் பொத்தான் இருந்தால், அது எப்படி விடுபடுகிறது என்பதைப் பத்து முறை செய்து பாருங்கள். அவசரத்தில் கை தானாகப் போக வேண்டிய இடம் அது. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பிளேடை மாட்டியதும் பிடித்து இழுங்கள். பாதி மாட்டிய பிளேடு கண்ணுக்குச் சரியாகவே தெரியும், அறுக்கும்போதுதான் கழன்று விழும். அப்படியே, பிளேடின் முதுகு உருளையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உருளை தொடாவிட்டால் பிளேடுக்கு முதுகுத் தாங்கல் இல்லை. சில மெஷின்களில் அடித்தட்டை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம்.

அடுத்து செங்குத்து. அடித்தட்டின் அருகே 0 டிகிரி என்று கோடு போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். மெஷினைக் கவிழ்த்து மூலைமட்டத்தைத் தட்டின் மேலும் பிளேடின் பக்கத்திலும் சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். பற்கள் இடமும் வலமும் சற்றுத் துருத்தியிருக்கும் என்பதால் மட்டத்தைப் பல்லில் வைக்காமல் தகட்டில் வையுங்கள்.

இன்னும் கறாராகப் பார்க்க ஒரு வழி உண்டு. தடித்த கழிவு மரத்தின் விளிம்பில் சில மி.மீ. ஆழம் மட்டும் அறுத்து நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினைத் திருப்பி, பிளேடின் முதுகை அதே வெட்டில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் செங்குத்து சரி. மேலே போய்க் கீழே இடித்தால் சாய்வு இருக்கிறது. இந்தச் சோதனையில் சாய்வு இரட்டிப்பாகத் தெரியும், கண்ணுக்குத் தப்பும் சிறு பிசகும் மாட்டிக்கொள்ளும்.

6. பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

இரண்டு முக்காலி மேல் பலகையை வைத்து நடுவில் அறுத்தால், அறுப்பு முடியும் நேரத்தில் இரண்டு பாதியும் உள்நோக்கித் தொய்ந்து பிளேடைக் கவ்வும். அறுப்பின் இரு பக்கமும் தாங்கல் வேண்டும். எளிய வழி, பலகைக்கு அடியில் நீளக் கட்டைகளை வைத்து, அவற்றுக்கு இடையே பிளேடு ஓட வழி விடுவது.

கிளாம்ப் போட்ட பிறகு, அறுக்கப்போகும் பாதை முழுக்க அடியில் கையால் தடவிப் பாருங்கள். மேசை விளிம்பு, கிளாம்பின் தாடை, மெஷினின் சொந்த வயர், மூன்றுமே நான் பார்த்த விபத்துகள். முதலாவது நான் செய்தது. பலகையோடு சேர்த்து மேசையில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டியிருந்தேன், அறுத்த துண்டு கீழே விழாமல் நின்றபோதுதான் தெரிந்தது.

7. முதல் அறுப்பு

கழிவுப் பிளைவுட், டி101பி, பென்டுலம் 0, வேகம் முக்கால். பென்சில் கோடு போட்டு, எந்தப் பக்கம் கழிவு என்று குறுக்குக் கோடுகளால் காட்டுங்கள். கோட்டின் மேலேயே அறுக்காமல், கழிவுப் பக்கமாக அதை ஒட்டி அறுக்க வேண்டும். பிளேடின் பருமனும் உங்கள் பலகையிலிருந்து போகக் கூடாது.

அடித்தட்டின் முன்பகுதியைப் பலகை மேல் தட்டையாக வையுங்கள். பிளேடு மரத்தைத் தொடக் கூடாது. விசையை அழுத்தி முழு வேகம் வந்த பிறகே முன்னே நகர்த்துங்கள். தொட்டபடி ஓட விட்டால் பல் விளிம்பில் மாட்டி மெஷின் துள்ளும்.

கையின் பலம் இரண்டு திசையில் போக வேண்டும். கீழ்நோக்கி உறுதியாக, முன்னோக்கி மெதுவாக. கிட்டத்தட்ட எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிளேடு ஏறும்போது வெட்டுகிறது என்பதால் அது பலகையை மேலே இழுக்கும், மெஷினைக் கீழ்நோக்கி அழுத்தாவிட்டால் இரண்டும் தடதடக்கும். முன்னே அதிகமாகத் தள்ளினாலோ பிளேடு பின்பக்கமும் பக்கவாட்டிலும் வளைந்து, கோடு தப்பும்.

சத்தத்தைக் கேளுங்கள். மோட்டாரின் ஒலி கனத்துத் தாழ்ந்தால் அதிகம் தள்ளுகிறீர்கள். கண் பிளேடின் முன்பக்கமும் கோடும் சேரும் இடத்தில் இருக்கட்டும். தூள் கோட்டை மறைத்தால் நிறுத்தி ஊதிவிட்டுத் தொடருங்கள். மெஷினில் தூள் ஊதும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள்.

கோடு தப்பினால் மெஷினைப் பக்கவாட்டில் இழுத்துத் திருத்த வேண்டாம். அது பிளேடைத்தான் வளைக்கும், அறுப்பின் அடிப்பக்கம் வேறு இடத்தில் இருக்கும். சற்றுப் பின்வாங்கி, கழிவுப் பக்கத்திலிருந்து மறுபடி கோட்டுக்கு வாருங்கள்.

முடிந்ததும் விசையை விட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகே தூக்குங்கள். ஓடும் பிளேடைத் தூக்கினால் அதன் நுனி பலகையின் முகத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திவிட்டுத்தான் வெளியே வரும். பிளேடை உடனே விரலால் தொடவும் வேண்டாம், நன்றாகச் சுடும்.

8. அடுத்தடுத்த பயிற்சிகள்

நேர்கோடு கைக்கு வந்த பிறகு வளைவு. மெஷினின் பின்பகுதியை வீசித் திருப்புங்கள், பிளேடு அச்சு மாதிரி நிற்கட்டும். மூக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் வளைவு சீராக வராமல் பட்டை பட்டையாக உடையும். மோட்டார் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை, கையின் வேகத்தைக் குறைத்தால் போதும். வளைவு ரொம்ப நெருக்கமாக இருந்தால், கழிவுப் பக்கத்திலிருந்து கோடு வரை விரல் விரலாகச் சில அறுப்புகள் போட்டு வையுங்கள். வளைவில் போகும்போது கழிவு துண்டு துண்டாக உதிர்ந்து பிளேடுக்குத் திரும்ப இடம் கிடைக்கும்.

அப்புறம் நடுவே சதுர ஓட்டை. நான்கு மூலைக்கும் உள்ளே, கோட்டைத் தொட்டும் தொடாமலும், 10 மி.மீ. துளை போடுங்கள். பிளேடை ஒரு துளைக்குள் இறக்கி, அடித்தட்டு முழுதாகப் படிந்த பிறகு விசையை அழுத்துங்கள். துளையிலிருந்து துளைக்கு அறுத்து நடுத்துண்டை எடுத்தபின், மூலைகளில் எஞ்சியதை இரு பக்கமிருந்தும் கோடு வரை அறுத்துச் சதுரமாக்கலாம். துளையே இல்லாமல் பிளேடைச் சாய்த்து இறக்கும் வித்தையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம், பிளேடு துள்ளிக் கட்டுப்பாடு போவது அங்கேதான்.

வழிகாட்டிக் கட்டையோடு நேர் அறுப்பு மூன்றாவது. அடித்தட்டின் ஓரத்திலிருந்து பிளேடின் பல் வரை உள்ள தூரத்தைக் கழிவு மரத்தில் ஒருமுறை அறுத்து அளந்து, மெஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கோட்டிலிருந்து அந்தத் தூரத்தில் நேரான கட்டையைக் கிளாம்ப் செய்து, தட்டை அதோடு உரசியபடி போங்கள். பெட்டியோடு வரும் கம்பி வழிகாட்டி குறுகிய பட்டைகளுக்குப் பரவாயில்லை, நீளத்துக்கு ஆடும்.

சாய்வு அறுப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 45 டிகிரியில் பிளேடு கடக்கும் மரத்தின் தடிமன் ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. 18 மி.மீ. பலகை 25 மி.மீ. பலகைபோல நடந்துகொள்ளும்.

9. விளிம்பு பிய்யாமல் இருக்க

சாதாரணப் பிளேடு ஏறும்போது வெட்டுவதால் பலகையின் மேல்முகம்தான் பிய்யும். அதனால் நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்முகத்தில் கோடு போட்டு அறுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சமச்சீர் இல்லாத வடிவமாக இருந்தால் கோட்டைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வரைய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நல்ல முகம் மேலே இருந்தே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு, ஏற்கெனவே பொருத்திய மேசைத்தளத்தில் ஓட்டை போடுவது மாதிரி. அப்போது டி101பிஆர் போன்ற தலைகீழ்ப் பல் பிளேடு. அது இறங்கும்போது வெட்டும், மெஷினை மேலே உதைக்கும், ஆகவே இன்னும் உறுதியாக அழுத்த வேண்டும். பென்டுலம் கட்டாயம் 0.

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுவது ஓரளவு உதவும். கூரான கத்தியால் கோட்டைக் கீறிவைப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும், நார் அங்கேயே அறுந்துவிடுவதால் பிய்வது கீறலைத் தாண்டாது. மெஷினோடு சின்ன பிளாஸ்டிக் செருகல் ஒன்று வந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடித்தட்டில் பிளேடை ஒட்டி மாட்டும் சிராய்த் தடுப்பு அது.

10. அறுப்பைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

மேலே கோட்டில் இருக்கிறது, கீழே விலகியிருக்கிறது என்றால் பிளேடு வளைந்திருக்கிறது. தள்ளியது அதிகம், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. நீளம் முழுக்க ஒரே அளவு சாய்வு என்றால் அடித்தட்டின் செங்குத்து தப்பியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, செங்குத்தாக இருந்த தட்டைத் திருகித் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு.

ஒவ்வொரு முறையும் அறுப்பு ஒரே பக்கமாகவே ஓடினால், புதுப் பிளேடு போட்டுப் பாருங்கள். ஆணியிலோ கிளாம்பிலோ பட்டு ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருந்தால் கூர்மையான பக்கமே பிளேடை இழுத்துப் போகும்.

விளிம்பு கருகினால் மழுங்கிய பிளேடு, அல்லது தடித்த மரத்துக்கு நுண்பல், அல்லது வளைவில் தயங்கி நின்றது. அக்ரிலிக் அறுக்கும்போது பின்னாலேயே உருகி ஒட்டிக்கொண்டால் வேகத்தைக் குறையுங்கள். மெல்லிய தகடு தடதடத்தால் பல் பெரிது. உலோகத்தின் தடிமனுக்குள் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது இருக்க வேண்டும்.

மழுங்கிய பிளேடை அரம் போட்டுத் தீட்டிப் பார்க்காதீர்கள். முன்பைவிட அதிகம் தள்ள வேண்டியிருக்கிறது என்று தோன்றிய அந்த நிமிடமே மாற்றிவிடுங்கள். பழையதைத் தனி டப்பாவில் போடுங்கள், புதியவற்றோடு கலந்தால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆணி இருக்கக்கூடிய பழைய மரத்தை அறுக்கும் நாளில் அந்த டப்பா உதவும்.